நூறு என்ற கோடு

அம்பகாமம். மூன்றாம் துண்டு நிலம்.
காலை ஏழு இருபதுக்குக் கருவி கத்தியது.
ஆணியாகத்தான் இருக்கும்.
இந்தக் காணியில் இதுவரை எழுபத்தொரு ஆணி,
சோடா மூடிகள், நசுங்கிய மீன்ரின் ஒன்று.
ஆணி என்றாலும்
கண்ணிவெடிக்குச் செய்கிற மரியாதை முழுவதும் செய்யவேண்டும்:
முழங்கால், மூச்சு, விரல் விரலாக மண்.

வந்தது ஒரு தகடு.
என் நடுவிரல் நீளம். அடியில் பிணைச்சல்,
மடக்கினால் படுக்கும், நிமிர்த்தினால் நிற்கும்.
தூரிகையால் தட்டத் தட்ட
ஏணிப்படிகளாய்க் கோடுகள் ஏறின.
ஐம்பது. எழுபத்தைந்து. நூறு. நூற்றைம்பது.

யோகச்சந்திரன் அண்ணை வந்து
முகக்கவசத்தை உயர்த்தாமலே பார்த்தார்.
"றைபிள் கிறனேட்டுக்குக் குறி பாக்கிறது" என்றார்,
தேங்காய் விலை சொல்கிற குரலில்.

மத்தியானம், மடியில் சோத்துப் பார்சலோடு,
அதெப்படி என்று கேட்டேன்.
முருங்கைக்காய்ச் சக்கையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:
"சன்னம் கிட்டத்தட்ட நேர போகும்.
இது பாரம். வளைஞ்சு ஏறி வளைஞ்சு விழும்.
தூரம் கூடக் கூட மூக்கைத் தூக்கவேணும்.
எவ்வளவு தூக்கிறதெண்டு கைக்குத் தெரியாது,
தகட்டுக்குத்தான் தெரியும்.
கண்ணில கோடும் ஆளும் ஒண்டாய் நிக்கேக்க
குழல் வானத்தைப் பாத்துக்கொண்டிருக்கும்."

சோறு ஆறிப்போனது.
ஆளைப் பார்த்துக்கொண்டே
வானத்துக்குச் சுடுகிற ஏற்பாடு.
வானத்துக்குத்தான் சுட்டேன் என்று
யாரும் பிறகு சொல்லிக்கொள்ளலாம்,
பொய்யும் இல்லை.

மற்றக் கோடுகளில் வெள்ளைப் பெயின்ற் இன்னும் இருக்கிறது.
நூறில் மட்டும் இல்லை.
பெருவிரல் தேய்த்துத் தேய்த்து
அந்த இடம் மோதிரம்போல மினுங்குகிறது.
எந்தப் பக்கத்துப் பெருவிரல் என்று
தகட்டில் எழுதியிருக்கவில்லை.
நான் தேடவும் இல்லை.

பிறகு வரைபடத்தை விரித்தார்கள்.
இங்கே இருந்து நூறு என்றால், அங்கே.
விழுந்தும் வெடிக்காமல் கிடப்பவை அங்கேதான் கிடக்கும்.
சிவப்புப் பென்சில்
பாலைமரத்தைத் தாண்டி, மண் அணையைத் தாண்டி,
நாகபூசணியின் கிணற்றைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது.
நேற்றுவரை அது வெள்ளை நிலம்,
வாற கிழமை கையளிப்பதாக இருந்தது.

நான் என் படிவத்தை நிரப்பினேன்.
கண்டெடுத்தது: உலோகத் துண்டு.
வகை: ஆபத்தற்றது.
வேறு கட்டம் அதில் இல்லை.
ஆணிகள் கிடக்கிற வாளியிலேயே அதையும் போட்டேன்.
சத்தமும் ஆணியின் சத்தம்தான்.

நாலு மணிக்கு, வழமைபோல,
எல்லை நாடாவுக்கு அந்தப் பக்கம் சைக்கிள் வந்து நின்றது.
காரியரில் கச்சான் விதை, உரப்பையில்.
"எப்ப விடுவியள்? மழைக்கு முந்திப் போடவேணும்."
இன்னும் மூன்று மாதம் என்றேன்.
ஏன் என்றாள்.
ஒரு பெருவிரலால் என்று எப்படிச் சொல்வது?
தூரம் மாறிப்போச்சு என்றேன்,
அணையிலிருந்து உங்கட கிணறு நூறு மீற்றர்,
அதாலதான்.

கோபிப்பாள் என்று நினைத்தேன்.
அவள் அணையைப் பார்த்தாள்,
கையை நெற்றியில் வைத்துக் கிணற்றைப் பார்த்தாள்.
"மீற்றர் எனக்குத் தெரியாது" என்றாள்.
"அப்ப அணைக்குப் பின்னால பெடியள் ஆரோ இருந்தவங்கள்.
தண்ணி கேப்பாங்கள், கொண்டுபோய்க் குடுத்தனான்.
அவங்கள் போக மற்றவங்கள் வந்தாங்கள்.
அவங்களும் கேட்டாங்கள்.
நூற்றிமுப்பத்தாறு காலடி, நிறைகுடத்தோட."

சைக்கிளைத் திருப்பி ஏறினாள்.
கொஞ்சம் போய்க் காலை ஊன்றி நிறுத்திச் சொன்னாள்:
"வெறுங்குடமெண்டால் குறையும்."